பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் விழும் வெயில்

எங்கள் வீட்டுச் சலவை அறைக் கதவில் எப்போதும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்தக் குடும்பம் எந்த நாளில் துணி தோய்க்கலாம் என்று கட்டம் கட்டமாக எழுதிய தாள். சுவிற்சர்லாந்தில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. வேறு எதை மன்னித்தாலும், தங்கள் தோய்க்கும் நாளில் நீங்கள் மெஷினைத் தொட்டதை அயலவர்கள் மன்னிக்க மாட்டார்கள். சென்ற வருடம் ஜூன் மாதம் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் வந்தது. அதில் அவர்கள் பங்கு போட்டிருந்தது வெயிலை.

இன்டர்லாக்கனில் ரயிலை விட்டு இறங்கி, தபால் பஸ்ஸில் ஏறி, அந்த பஸ் வட்டமடித்துத் திரும்பும் கடைசித் தரிப்பில் இறங்கி, இன்னும் இருபது நிமிடம் மேல்நோக்கி நடந்தால் எங்கள் வீடு வரும். மரத்தாலான பழைய வீடு. கீழே ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர். நடுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை. மேலே அப்பா, அம்மா, நான். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் காத்திருந்த காலத்தில் அப்பாவுக்குக் கிடைத்த வேலை, அந்தக் கடைசித் தரிப்புக்குப் பக்கத்து ஹோட்டலில் கோப்பை கழுவுவது. வேலையோடு சேர்ந்து வந்தது இந்த வீடு. இருபத்திரண்டு வருடங்களில் கோப்பை கழுவியவர் காய்கறி வெட்டுபவராகி, பிறகு சமையற்காரராகவும் ஆகிவிட்டார். வீடு மாறவில்லை.

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவரைகூடப் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் தாழ்த்துவதில்லை. பத்து வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்தவள் நான். வதிவிட அனுமதி, காப்புறுதி, வரி, தண்ணீர்க் குழாய் திருத்துவதற்கான அறிவித்தல் எல்லாம் என் கையால்தான் போகும். நான் வாசித்து, "இதிலை கையெழுத்து வைக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் அப்பா பேனாவைத் தொடுவார். இது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை அப்பா ஒரே ஒரு தடவை மீறினார்.

தாதிப் படிப்பின் கடைசி வருடத்தில் நான் பேர்ன் நகரில், பூம்ப்ளிஸில் ஓர் அறை எடுத்து இருந்தேன். ஓகஸ்டில் டிப்ளோமாவோடும், இரண்டாம் கையாக வாங்கிய ஒரு சின்ன மின்சாரக் காரோடும் வீட்டுக்குத் திரும்பினேன். வரும் வழியில் அம்மாவின் பிடிவாதத்துக்காகக் கோயிலில் காருக்குப் பூசை செய்வித்தோம். ஐயர் முன் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே எஞ்சின் இல்லை; சார்ஜ் வயர் வைத்த ஒரு பையும் வெற்றிடமும் இருந்தன. சந்தனத்தை எங்கே வைப்பது என்று அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, சார்ஜ் செய்யும் துளையின் மூடியில் வைத்தார். சரியான இடம்தான்.

காரை நான் ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. மேல் பள்ளத்தாக்கில் தனித்தனியாகக் கிடக்கும் பண்ணை வீடுகளுக்குப் போய், படுக்கையில் இருப்பவர்களுக்கும் புண் ஆறாதவர்களுக்கும் பராமரிப்புச் செய்வது என் வேலை. சொந்தக் கார் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, நடுவில் நான் வீட்டில் இருப்பேன். நவம்பர் முடியும்வரை பரீட்சார்த்தக் காலம். அந்தக் காலம் நல்லபடி முடிந்தால் மேல் பாதை என்னுடையது. முடியாவிட்டால் கீழே நகரத்து முதியோர் இல்லத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அங்கே போக பஸ் போதும்.

அந்த முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் என் அம்மா பதினாறு வருடங்களாகத் துணி தோய்க்கிறார். நல்ல இல்லம். அங்கே வேலை செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் படித்தது தனியாகப் போய், தனியாக முடிவெடுத்து, ஒரு புண்ணைப் பார்த்து இது ஆறும், இது ஆறாது, இதற்கு மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்வதற்கு. தமிழ்ப் பெண் என்றால் முதியோர் இல்லம் என்று எல்லோருடைய வாயிலும் இலகுவாக வருகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேல் பாதையை நான் விடுவதாக இல்லை.

காருக்கு வேண்டிய மின்சாரம் எங்கள் கூரையில் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் நகரத்தில் இருப்பவர். அவர்தான் அந்த ஜூனில் சோலார் பனல்களைப் பொருத்துவித்தார். அந்த மேட்டுக்கு வரும் மின்கம்பி பழையது, மெல்லியது. இரவில் மூன்று வீட்டுச் சூடேற்றிகளும் சுடுநீர்த் தாங்கிகளும் ஓடத் தொடங்கினால் வேறு எதையும் அந்தக் கம்பி தாங்காது. பனல் பொருத்திய மின்சாரக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாராம்: பெரிய மெஷின்கள் எல்லாம் கூரையில் வெயில் இருக்கும்போது மட்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். தச்சருக்கு மரம் அறுக்கும் மெஷின். ஆசிரியைக்கு ரொட்டி சுடும் பெரிய மின் அடுப்பு. எங்களுக்கு வரப்போகும் கார்.

அதற்காகத்தான் அந்த இரண்டாவது தாள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை தச்சர். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஆசிரியை. இரண்டுக்குப் பிறகு நாங்கள். கீழே மூன்று கையெழுத்துகள். மூன்றாவது அப்பாவுடையது.

ஓகஸ்டில் அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். இரண்டு மணிக்குப் பிறகு ஐந்து மணித்தியாலம் வெயில் கூரையில் கிடந்தது. கார் தினமும் நிறைந்தது. நான் போட்ட கணக்கில் மலையைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் கடைசியில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றினார்கள். சூரியன் தாழ்ந்தது. எதிர் மலையின் முதுகு எங்கள் கூரைக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்து நின்றது. காலையில் பத்து மணிக்கு மேல்தான் ஒளி எட்டிப் பார்த்தது. இரண்டு மணி அடித்ததும், யாரோ சுவிட்சை அணைத்ததுபோல நிழல் வந்தது. இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு நான் வயரைச் செருகுவேன். காருக்கு ஏறும் மின்சாரம் பூச்சியம் என்று கைத்தொலைபேசியில் தெரியும்.

பகல் இரண்டு மணிக்கு ஊரெல்லாம் வெளிச்சமாக இருக்க, எங்கள் பங்கில் மட்டும் சூரியன் இல்லை. ஆசிரியையின் பங்கில் நடுப்பகல் முழுவதும் இருந்தது. அந்த அடுப்பை அவர் திங்களும் வியாழனும் மட்டும்தான் மூட்டுவார். மற்ற நாட்களில் அந்த வெயில் கம்பி வழியே இறங்கி யாரோ முகம் தெரியாதவர்களுக்குப் போனது.

ஒரு புதன்கிழமை பன்னிரண்டரைக்கு நான் வயரைச் செருகினேன். ஐந்து நிமிடத்தில் ஆசிரியை படியிறங்கி வந்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். இது தன்னுடைய நேரம் என்றார். நீங்கள் இப்போது அடுப்பைப் பாவிக்கவில்லையே என்றேன். அது கேள்வி இல்லை என்றார். சலவை அறைக் கதவின் பக்கம் ஒரு விரலைக் காட்டிவிட்டு நின்றார். நான் வயரைக் கழற்றும் வரை நின்றார்.

கேட்டிருக்கலாம்தானே என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள். ஏன் கேட்க வேண்டும்? பிறந்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒருவருக்கு, நவம்பரில் வெயில் எத்தனை மணிக்குப் போகும் என்று தெரியாதா? தெரிந்துகொண்டு எங்களுக்கு நிழலை ஒதுக்கிவிட்டு, அதை நான் அவரிடம் சலுகையாகக் கேட்டு வாங்க வேண்டுமா?

கீழே முப்பத்தைந்து நிமிடம் காரை ஓட்டினால் ஒரு பொது சார்ஜ் நிலையம் உண்டு. அங்கே போய்த் திரும்பிவர, ஏற்றியதில் பாதி மலையேற்றத்தில் கரைந்துவிடும். நான் போனேன், வேறு வழியில்லாமல். ஒரு நாள் அங்கே இரண்டு கார்கள் எனக்கு முன்னால் நின்றன. மாலைச் சுற்றுக்கு நேரமாகிவிட்டது. பற்றரியில் பதினொரு வீதத்தோடு மேலே போனால் திரும்பி வர முடியாது. மிக மேலே இருக்கும் பண்ணையில் ஒரு கிழவரின் காலில் கட்டு மாற்ற வேண்டும். காரைக் கடைசித் தரிப்பில் விட்டுவிட்டு, பையை முதுகில் போட்டுக்கொண்டு ஒன்றேகால் மணித்தியாலம் நடந்தேன். கட்டு மாற்றினேன். அறிக்கையில் நேரத்தை உண்மையாக எழுதினேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் அழைத்தார். அன்பாகத்தான் கதைத்தார். உன்னைக் குறை சொல்லவில்லை, உன் வேலை நல்லது, ஆனால் நோயாளிகளைக் காக்க வைக்க முடியாது, மாத முடிவுக்குள் இதற்கு ஒரு வழி வராவிட்டால் முதியோர் இல்லத்தைப் பற்றி யோசிப்போம் என்றார். உனக்கும் அது இலகுவாக இருக்குமே என்றார். இலகு என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அன்று நடுப்பகல் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். என் ஜேர்மன் மொழியில் யாரும் பிழை பிடிக்க முடியாது; அந்தக் கடிதத்தில் ஒரு காற்புள்ளியும் தவறவில்லை. ஜேர்மன் தெரியாத ஒரு மனிதரிடம் குளிர்காலத்தில் பயனற்ற நேரத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கியது நேர்மையற்றது என்று எழுதினேன். வெளிநாட்டவர் என்பதால் இப்படி நடந்ததா என்று கேட்டு எழுதினேன். இரு வீட்டுத் தபால்பெட்டியிலும் ஒவ்வொன்றைப் போட்டேன். சொந்தக்காரருக்காக வாடகை விடயங்களைப் பார்க்கும் வீட்டு நிர்வாகத்துக்கும் ஒன்றை அனுப்பினேன். அப்பாவிடம் கேட்கவில்லை. நவம்பரில் ஹோட்டல் பூட்டிவிடும். ஒவ்வொரு வருடமும் பூட்டிய மறுநாளே அப்பா வில் என்ற ஊருக்குப் போய், அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆறு கிழமை பெட்டி அடுக்குவார். இந்த முறையும் அங்கேதான் இருந்தார். அம்மாவிடம் மட்டும் கடிதத்தை வாசித்துக் காட்டி, தமிழில் சொன்னேன்.

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "உந்த மனிசி உனக்குப் பத்து வயசிலை சைக்கிள் தந்தவவெல்லோ" என்றார்.

"அதுக்கு நான் நன்றி சொல்லிப்போட்டன் அம்மா. இது வேறை."

"அப்பாவைக் கேட்டனியோ?"

"என்னத்தைக் கேக்கிறது? அவருக்கு என்ன எழுதியிருக்கெண்டு தெரிஞ்சோ கையெழுத்து வச்சவர்?"

அம்மா துருவிய தேங்காயை அடுப்படிக்குக் கொண்டு போனார். அம்மா பேச்சை அப்படி விடும்போது நான் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் மடிக்கணினியோடு மேலே வந்தார். கூட்டம் ஆசிரியையின் வீட்டில். அப்பா கூட்டத்துக்காக வில்லிலிருந்து வந்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்தபடி இருந்தார். ஆசிரியை மேசையில் என் கடிதத்தை மடிப்பு நீக்கி வைத்திருந்தார். சில வரிகளின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

நான் கதைத்தேன். நன்றாகக் கதைத்தேன். மலை, நிழல், மணி, என் வேலை, நடந்துபோய்க் கட்டு மாற்றிய அந்த மாலை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தச்சர் தலையை ஆட்டிக் கேட்டார். முடித்துவிட்டு ஆசிரியையைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "ஜூனில் நான் வெறும் தாளோடு முதலில் யாருடைய வீட்டுக்கு வந்தேன்?"

"எங்கடை வீட்டுக்கு" என்றார் அப்பா, தன்னுடைய ஜேர்மனில்.

இந்த வீட்டில் அதிக காலம் இருப்பவர் நீங்கள், அதனால் முதலில் நீங்கள் எடுங்கள் என்று தான் சொன்னதாக ஆசிரியை சொன்னார். நடுப்பகல்தான் நல்ல நேரம், குளிர்காலத்துக்கும் அதுதான் என்றும் சொன்னாராம். அப்பா என்ன சொன்னார்?

அப்பா தரையைப் பார்த்தார். "நைன், நைன். கைன் ப்ரொப்ளேம்" என்றார். இல்லை, இல்லை, பிரச்சினை இல்லை. அன்று சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். நீங்கள் எடுங்கள், எங்களுக்கு மிஞ்சியது போதும் என்று சொன்னேன் என்றார்.

மூன்று பக்கம். ஒரு காற்புள்ளி தவறாத மூன்று பக்கம்.

நிர்வாகப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்படியானால் முறைப்பாடு எதைப் பற்றியது என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் என் கோபம் இன்னும் ஏறியது. அப்பாவின் மேல், ஆசிரியையின் மேல், எல்லாவற்றுக்கும் முன்னதாக வீடு வீடாக வெறும் தாளைக் கொண்டு திரியும் இந்த நாட்டின் நேர்மையின் மேல். நான் சொன்னேன்: எங்கள் ஆட்கள் எதையும் முதல் தரம் கேட்டவுடன் வாங்க மாட்டார்கள். தேநீர் குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம் என்பார்கள். சாப்பிடுங்கள் என்றால் இப்போதுதான் சாப்பிட்டோம் என்பார்கள். கேட்டவர் விடாமல் மறுபடியும் கேட்க வேண்டும். கேட்பவருக்கு உண்மையிலேயே மனம் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நீங்கள் ஒரு தரம் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

தச்சர்தான் கேட்டார், கிண்டலில்லாமல், பலகைக்கு அளவு கேட்பவரைப்போல: "எத்தனை தரம் கேட்க வேண்டும்?"

"மூன்று" என்றேன், யோசிக்காமல்.

நிர்வாகப் பெண் தட்டச்சு செய்தார். எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார்: மேல் வீட்டாரிடம் எந்த விடயத்தையும் மூன்று தரம் கேட்பதென்று முடிவு செய்யப்பட்டது. எல்லோரும் உடன்பாடா? தச்சர் கையை உயர்த்தினார். ஆசிரியை கையை உயர்த்தினார். அந்த வரி இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தின் மரியாதை ஒரு வீட்டு விதியாகிவிட்டது, குப்பைப் பைகளை எப்போது வெளியே வைப்பது என்ற விதிக்குக் கீழே.

எழுதியதை உடனே நடைமுறைப்படுத்துவது இவர்களின் பழக்கம். ஆசிரியை கதிரையை அப்பாவின் பக்கம் திருப்பினார். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார். அப்பா அந்தப் பழைய சிரிப்போடு வேண்டாம், பரவாயில்லை என்றார். இரண்டாம் தரம் கேட்டார். அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. உண்மையாக வேண்டாம் என்றார்.

மூன்றாவது தரம் கேட்கும் முன் ஆசிரியை தயங்கினார். பிறகு வேறொன்றைக் கேட்டார். வீம்புக்கு இல்லை, அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை: இருபத்திரண்டு வருடம் இங்கே இருக்கிறீர்கள், நவம்பரில் வெயில் எப்போது இந்த வீட்டில் விழும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

அப்பா தெரியாது என்றார்.

நவம்பரில் நான் வில்லில் என்றார். டிசம்பரிலிருந்து ஹோட்டலில். ஒன்பது மணிக்கு உள்ளே போனால் இரண்டரைக்குத்தான் வெளியே. சமையலறை நிலத்துக்குக் கீழே. அங்கே யன்னல் இல்லை. மதிய வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் விடும் ஓய்வில் வீட்டுக்கு வந்து படுப்பேன், அப்போது வெளியே நிழல்தான் என்றார். விடுமுறை நாளில் என்று ஆசிரியை கேட்டார். விடுமுறை நாளில் திரைச்சீலையை இழுத்துவிட்டு நித்திரை என்றார். இதையெல்லாம் அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னார்.

நான் அந்த மனிதரின் மகள். எனக்கும் அது தெரியாது. ஒரு நாளும் அதை நான் யோசித்ததே இல்லை.

ஆசிரியை மூன்றாம் தரம் கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்பா தலையை நிமிர்த்தி, "நைன்" என்றார். மேல் பாதை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு அவர் என்னைக் கையால் காட்டி, தமிழில் சொன்னார்: "அவவிட்டைக் கேக்கட்டும். கார் அவவின்ரை. வேலையும் அவவின்ரை. எனக்கெண்டு வாங்கேலாது."

நான் அதை மொழிபெயர்த்தேன். என்னைப் பற்றி அப்பா சொன்னதை நானே ஜேர்மனில் சொல்ல வேண்டியிருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லையே என்றார் நிர்வாகப் பெண். சேர்க்கலாம், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றும் அவரே சொன்னார். ஆசிரியை கடிதத்தை மடித்து எடுத்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். ஒரே தரம்தான் கேட்டார்.

"ஓம், வேணும்" என்பதை ஜேர்மனில் எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாகச் சொன்னேன். திங்களும் வியாழனும் ரொட்டி நாளாகவே இருக்கட்டும், மற்ற ஐந்து நாளும் எனக்கு என்றேன். கடிதத்தில் வெளிநாட்டவர் என்று எழுதிய வரிக்காக மன்னிப்பும் கேட்டேன். ஜூனில் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அதே மூச்சில் சொன்னேன். நீ அப்போது இங்கே இருக்கவில்லை என்றார் ஆசிரியை. அதுவும் உண்மைதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

படியேறும்போது அப்பா நடுப்படியில் நின்றார்.

"ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம். நான் என்ன ஏலத்துக்கு வந்த மாடோ?"

"நீங்கள் முதலே ஓமெண்டு சொல்லியிருந்தா இவ்வளவு ஏன் அப்பா?"

"கேட்டவுடனை ஓமெண்டு சொல்ல நான் என்ன பசியிலையோ நிண்டனான்?"

"நீங்கள் நிக்கேல்லை. நான் நிண்டனான். பதினொரு வீதத்தோடை நிண்டனான்."

மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற அம்மா, "ரெண்டு பேரும் படியிலை நிண்டு கதைக்காதேங்கோ. கீழை இருக்கிற மனிசி அதையும் எழுதிப்போடும்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அப்பா என்னோடு கதைக்கவில்லை. அவருக்கு அவமானம் நடந்தது, அது என் வாயால் நடந்தது. எனக்கு அது தெரியும். ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் நானும் நின்றேனே, அதை யார் எழுதி வைத்தார்கள்? பள்ளிச் சுற்றுலாவுக்கு உதவி வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம். பெரிய வீடு காலியாகிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள், பரவாயில்லை. ஹோட்டலில் மதியமும் மாலையுமாக இழுபடும் வேலையை விட்டுக் காலை வேலைக்கு மாறுகிறீர்களா என்று ஒருமுறை கேட்டார்களாம், பிரச்சினை இல்லை. கேட்டவர்கள் எல்லாம் ஒரு தரம் கேட்டுவிட்டு, மனச்சாட்சி சுத்தமாகப் போய்விட்டார்கள். இவரும் மரியாதை கெடாமல் நிலத்துக்குக் கீழே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு நான் வயரைச் செருகினேன். வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. கைத்தொலைபேசியில் இலக்கம் ஏறத் தொடங்கியது. இருபத்திமூன்று, இருபத்திநான்கு. நாளைக்கு மேல் பாதையை இரண்டு சுற்றும் போய் வர அறுபது வீதம் போதும். மேற்பார்வையாளருக்கு அங்கேயே நின்று செய்தி எழுதினேன்: வழி வந்துவிட்டது, மேல் பாதையை நான் விடவில்லை.

அப்பா வில்லுக்குப் போகும் பையோடு வெளியே வந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. வாசலைத் தாண்டியதும் அப்படியே நின்று கண்ணைச் சுருக்கினார். சுவரின் மரம் சூடாகி மணத்துக்கொண்டிருந்தது. ஒரு கையை அதில் வைத்துப் பார்த்தார். தங்கள் படுக்கையறை யன்னலை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடி முழுக்க வெயில்.

"இவ்வளவு வெயில் விழுதோ இஞ்சை?" என்றார். நேற்றிலிருந்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"ஓம்."

"எத்தினை மணி மட்டும்?"

"ரெண்டு மட்டும்."

அவர் பையைக் கீழே வைத்தார். சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். என்னால் அவர் பக்கத்தில் போய் நிற்க முடியவில்லை. அவ்வளவு கோபம் இருந்தது எனக்கு, யார் மேல் என்று தெரியாத கோபம். காரின் மறுபக்கத்தில் நின்று இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று.